மாலையில் மட்டும் கரகரத்த தவில்

அப்பாவுக்கு நாதஸ்வரம் கேட்க வேண்டும். ஃபோனிலும், என் தங்கை வாங்கிக் கொடுத்த சின்ன ப்ளூடூத் டப்பாவிலும் கேட்டுக்கொண்டிருந்தார். "தவிலா தகரமான்னே தெரியலடா" என்று ஒருநாள் சொல்லிவிட்டு அதையும் நிறுத்திவிட்டார். இளவயதில் கோயில் திருவிழாக்களில் விடிய விடிய நின்று மேளம் கேட்டவர் அவர். சரி, கூடத்தில் ஒரு ஜோடி புக்ஷெல்ஃப் ஸ்பீக்கர் வைத்து, அதற்குப் பொருத்தமாக ஒரு ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) போட்டுவிடலாம் என்று போன ஆனி மாதம் இறங்கினேன். மொத்தச் செலவு 10,000 ரூபாய்க்குள் முடிய வேண்டும்.

எங்கள் வீடு தஞ்சாவூர் மாவட்டத்துப் பாபநாசம் பக்கம். பழைய ஓட்டு வீடு. திண்ணை, ரேழி, முற்றம், அதை ஒட்டிக் கூடம். கூடத்தில்தான் அப்பாவின் சாய்வு நாற்காலி இருக்கிறது.

புதிதாக வாங்கினால் ஸ்பீக்கரிலேயே பணம் தீர்ந்துவிடும் என்பதால் பழசு தேடினேன். கும்பகோணத்தில் பார்த்த முதல் ஜோடி வெளியே பளபளவென்று இருந்தது. முன்னால் இருந்த துணிச் சட்டத்தைக் கழற்றி, கீழ் ஸ்தாயியைத் தரும் பெரிய கோனான வூஃபரின் விளிம்பில் இருந்த ஃபோம் வளையத்தை விரலால் லேசாகத் தொட்டேன். ஊறிப்போன ரொட்டி மாதிரி பிய்ந்து, கருப்பாகப் பிசுபிசுவென்று விரலோடு வந்தது. இந்த வகை ஃபோம் காற்றில் உள்ள ஈரத்தாலேயே காலப்போக்கில் சிதைந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் சுவரே வியர்க்கிற நம் பக்கத்தில் அதற்கு ஆயுசு இன்னும் குறைவு. ஃபோம் மாற்றித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் நான்கு நாள் அலைச்சல், அதற்கொரு செலவு. வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

இரண்டாவது ஜோடி தஞ்சாவூரில் கிடைத்தது, 6,000 ரூபாய். ஐந்தேகால் அங்குல வூஃபர், விளிம்பு ரப்பர். மேல் ஸ்தாயிக்கு ஒரு அங்குலத் துணி ட்வீட்டர். பின்னால் இருந்த சீட்டில் 6 ஓம், 86 டெசிபெல், 20 முதல் 100 வாட் வரை என்று போட்டிருந்தது. மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்துப் பார்த்தேன். ஒன்று 5.1, இன்னொன்று 5.2. கம்பியின் நேர்மின்தடையைத்தான் மீட்டர் காட்டும், எழுதியிருக்கும் ஓமை விட அது கொஞ்சம் குறைவாகவே இருக்கும். ஆக 6 ஓம் என்பது சரி. இந்தச் சோதனையை வைத்து ட்வீட்டர் உயிரோடு இருக்கிறதா என்று சொல்ல முடியாது, ஏனென்றால் அதற்கு முன்னால் இருக்கும் கெபாசிட்டர் நேர்மின்சாரத்தைத் தடுத்துவிடும். பாட்டு ஓடும்போது ட்வீட்டரிடம் காதைக் கொண்டுபோய்த்தான் பார்க்க வேண்டும். பார்த்தேன், இரண்டும் பேசின.

ஆம்புக்கு ஆரம்பத்தில் செலவே இல்லை என்று நினைத்தேன். பரணில் ஒன்று இருந்தது. டிடிஏ 2030 ஐசி இரண்டு போட்டு, 12-0-12 டிரான்ஸ்ஃபார்மர் (நடுவிலிருந்து இரு பக்கமும் 12 வோல்ட்) வைத்து யாரோ அசெம்பிள் செய்தது. தூசி தட்டி, வால்யூம் கன்ட்ரோலில் கொஞ்சம் கிளீனர் ஸ்பிரே அடித்து, காலை பத்து மணிக்குப் போட்டேன். அருமையாகப் பாடியது. அப்பா எழுந்துபோய் டம்ளரில் காபியோடு வந்து உட்கார்ந்துவிட்டார்.

அன்று மாலை ஏழு மணிக்கு அதே பாட்டு, அதே வால்யூம். தவில் ஓங்கி அடிக்கும் இடமெல்லாம் கரகரவென்று உடைந்தது. நாதஸ்வரம் மேல் ஸ்தாயிக்குப் போனால் சத்தத்தின் ஓரத்தில் கண்ணாடித் தூள் ஒட்டியது போல ஒரு கீறல். ஸ்பீக்கர் போய்விட்டது என்று பயந்தேன். இடதை வலதில் மாற்றினேன், இரண்டிலும் அதே கரகரப்பு. பாட்டை மாற்றினேன், ஒயரை மாற்றினேன். மறுநாள் காலை போட்டால் சுத்தமாக இருக்கிறது. மாலை ஆனால் திரும்பவும் உடைகிறது. நான்கு நாள் இப்படியே போனது.

ஐந்தாம் நாள் மாலை நாற்காலியில் சாய்ந்து மேலே பார்த்தபோதுதான் மின்விசிறி கண்ணில் பட்டது. இறக்கைகளை எண்ணிவிடலாம் போலச் சுற்றிக்கொண்டிருந்தது. மீட்டரை எடுத்து பிளக் பாயிண்டில் வைத்தேன், 184 வோல்ட். காலையில் பார்த்தால் 228.

ஆனி மாதம் என்றால் டெல்டாவில் குறுவைக் காலம். மேட்டூர் அணையை ஜூன் 12-ஆம் தேதி திறப்பது வழக்கம் என்றாலும் தண்ணீர் வாய்க்கால் வழியாக வயலுக்கு வரும்வரை போர் மோட்டார்கள்தான் நாற்றங்காலைக் காப்பாற்றும். மோட்டாரோடு வீட்டு விளக்கு, டிவி, கிரைண்டர் எல்லாம் சேரும் நேரத்தில், லைனின் கடைசியில் இருக்கிற எங்கள் தெருவுக்கு மிஞ்சுவது அவ்வளவுதான்.

இதற்கும் கரகரப்புக்கும் என்ன தொடர்பு என்பதை முழுதாகப் புரியவைத்தவர் கும்பகோணத்தில் நாற்பது வருடமாக ரேடியோ, ஆம்ப் பார்க்கிற ஒரு அண்ணன். நான் வாட் கணக்கைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். அவர் சால்டரிங் அயர்னைத் தாங்கியில் வைத்துவிட்டு, "வாட்ட விடு தம்பி. உள்ள சப்ளை எத்தனை வோல்ட்டு, அதக் கேளு. அதுக்கு மேல எந்த ஆம்பும் ஒரு வோல்ட்டுகூடக் குடுக்காது" என்றார்.

அதை வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 12-0-12 டிரான்ஸ்ஃபார்மரில் 230 வோல்ட் வந்தால், டயோடு தாண்டி இரண்டு பக்கமும் 16 வோல்ட் போலக் கிடைக்கும். பாட்டு ஓடும்போது அது கொஞ்சம் இறங்கும், ஐசியும் தன் பங்குக்கு இரண்டு வோல்ட்டுக்கு மேல் எடுத்துக்கொள்ளும். ஸ்பீக்கருக்குப் போகும் அலையின் உச்சி 13 வோல்ட் வரை எழ இடம் இருக்கிறது. 184 வோல்ட்டில் எல்லாமே ஏறக்குறைய அதே விகிதத்தில் சுருங்குகிறது. 16 இருந்த இடத்தில் 12.5. கழித்தது போக உச்சி 9.5. வாட் என்பது வோல்ட்டின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், 6 ஓமுக்குப் பகலில் 14 வாட் கொடுத்த ஆம்ப் மாலையில் 7.5 வாட்தான் கொடுக்கும். அதற்கு மேல் எழ வேண்டிய தவில் அடியின் தலை வெட்டுப்படுகிறது. நான் கேட்ட கரகரப்பு அந்த வெட்டுதான். கேட்க அசிங்கமாக இருப்பது ஒரு பக்கம், வெட்டுப்பட்ட அலையில் இல்லாத மேல் அதிர்வெண்கள் முளைத்து ட்வீட்டருக்குப் போகும். பெரிய ஆம்பால் எரிந்த ட்வீட்டர்களைப் போலவே, சின்ன ஆம்பை முட்டமுட்டத் திருகி எரிந்த ட்வீட்டர்களும் உண்டு என்று அண்ணன் சொன்னதன் காரணம் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

டிரான்ஸ்ஃபார்மரை 15-0-15 ஆக மாற்றினால் போதாதா என்று யோசித்தேன். இந்த ஐசி தாங்கும் எல்லை இரு பக்கமும் 18 வோல்ட். மாலையில் சரியாக இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர், எல்லோரும் மோட்டாரை நிறுத்திய பிறகு நடு இரவில் 20 வோல்ட்டைத் தாண்டும். அந்த வழி அடைபட்டது. ஸ்டெபிலைசர் வாங்கலாம், ஆனால் அந்தப் பணத்துக்குப் புது ஆம்பே போட்டுவிடலாம்.

அடுத்த கேள்வி, எங்களுக்கு உண்மையில் எவ்வளவு வேண்டும் என்பது. இதைக் காகிதத்தில் ஒரு முறையும் மீட்டரில் ஒரு முறையும் பார்த்தேன்.

காகிதக் கணக்கு: 86 டெசிபெல் என்பது 2.83 வோல்ட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி அளந்த சத்தம். 8 ஓமுக்கு அது 1 வாட், எங்கள் 6 ஓமுக்கு 1.33 வாட். அப்பாவின் நாற்காலி மூன்று மீட்டர் தள்ளி. வெட்டவெளியில் தூரம் இரட்டித்தால் 6 டெசிபெல் குறையும். வீட்டுக்குள் சுவர்கள் கொஞ்சம் திருப்பித் தரும். மூன்று மீட்டருக்கு 6 என்று கழித்து, இரண்டு ஸ்பீக்கர் என்பதால் 3 கூட்டினேன். 83 வந்தது. அப்பா கேட்கும் அளவு சராசரியாக 75 என்று வைத்தாலும், தவில் அடி அதற்கு மேல் 15 வரை துள்ளும். ஆக 90 வேண்டும், குறைவது 7. ஏழு டெசிபெல் என்றால் ஐந்து மடங்கு வாட், அதாவது 7 வாட்டுக்குச் சற்றுக் குறைவு. தாராளத்துக்கு இரட்டித்தால் 13.

மீட்டர் கணக்கு எனக்கு இன்னும் பிடித்தது. ஆடாசிட்டி மென்பொருளில் 120 ஹெர்ட்ஸ் சைன் ஒலி (ஒரே அதிர்வெண்ணில் நிற்கும் சீரான ஒலி) ஒன்றை உருவாக்கினேன். அளவு கேட்கும் இடத்தில் 0.25 என்று கொடுத்தால், பதிவு தாங்கும் முழு அளவில் சரியாகக் கால் பங்கு ஒலி கிடைக்கும். காலையில் கரன்ட் நன்றாக இருக்கும் நேரத்தில், அப்பா இதற்கு மேல் வைக்கவே மாட்டார் என்ற அளவுக்கு வால்யூமை வைத்தேன். அதற்கு, இருப்பதிலேயே குறைந்த சத்தத்தில் பதிவான பழைய பாட்டைத்தான் போட்டேன், ஏனென்றால் அதற்குத்தான் வால்யூமை அதிகம் திருக வேண்டியிருக்கும். பிறகு வால்யூமைத் தொடாமல் பாட்டை நிறுத்திவிட்டு, அந்தச் சைன் ஒலியைப் பத்து விநாடி ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனைகளில் ஏசி வோல்ட் பார்த்தேன். 2.1 காட்டியது. கால் பங்கை முழு அளவாக்க நான்கால் பெருக்கினால் 8.4, அதன் உச்சி 12 வோல்ட்டுக்கு ஒரு நூல் குறைவு. வாட்டில் சொன்னால் 12. சாதாரண மீட்டர்கள் 50 ஹெர்ட்ஸை ஒட்டித்தான் சரியாகக் காட்டும். 120 என்பது அதற்குப் பக்கம் என்பதால் நம்பலாம்.

எங்களுக்குத் தேவை 12 வோல்ட் உச்சி. பழைய ஆம்ப் பகலில் கொடுப்பது 13, மாலையில் 9.5. நான்கு நாள் என்னைச் சுற்றவிட்ட விஷயம் இந்த மூன்று எண்ணுக்குள் அடங்கிவிட்டது. கடைகளில் அட்டைப் பெட்டி மேல் 2,000 வாட், 5,000 வாட் என்று எழுதியிருப்பதைப் பார்த்து ஆசைப்படுகிற யாரும், வாங்கும் முன் இந்த 2.1 வோல்ட் சோதனையை ஒரு தடவை செய்து பார்க்க வேண்டும் என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன்.

ஸ்பீக்கர் சீட்டில் உள்ள 20 முதல் 100 வாட் என்பதும் பலரைக் குழப்புகிறது. 100 வாட் ஆம்ப் வாங்கினால்தான் ஸ்பீக்கர் முழுதாகப் பாடும் என்று அதற்கு அர்த்தம் கிடையாது. அந்த அளவுக்குள் உள்ள ஆம்பை முறையாகப் பயன்படுத்தினால் பெட்டி தாங்கும், அவ்வளவுதான்.

டிபிஏ 3116 டி2 ஐசி போட்ட ஒரு ஸ்டீரியோ போர்டை 750 ரூபாய்க்குத் தருவித்தேன். விளம்பரத்தில் ஐம்பதும் ஐம்பதும் நூறு வாட் என்று இருந்தது. ஐசியின் தகவல் தாளிலும் அந்த 50 இருக்கிறது. ஆனால் 21 வோல்ட் சப்ளை, 4 ஓம் ஸ்பீக்கர், பத்து சதவீதச் சிதைவு என்ற நிலையில். என் சப்ளை 19 வோல்ட் லேப்டாப் அடாப்டர், பழசு, 450 ரூபாய். இந்த ஐசி ஸ்பீக்கரின் இரண்டு முனைகளையும் எதிரெதிராக இயக்குவதால், ஒற்றை 19 வோல்ட்டிலேயே உச்சி 17 வரை எழும். 6 ஓமுக்கு இருபது வாட்டுக்கு மேல். எங்களுக்குத் தேவையான 12 வோல்ட்டுக்கு மேல் நல்ல இடைவெளி.

என்னை இந்தப் பக்கம் இழுத்தது வாட்டை விட அடாப்டரின் முதுகில் உள்ள ஒரு வரிதான்: உள்ளே வருவது 100 முதல் 240 வோல்ட். சுவரில் 184 ஆனாலும் 228 ஆனாலும் வெளியே 19 மாறாது. கடைசி லைனில் குடியிருக்கிறவர்களுக்கு டிரான்ஸ்ஃபார்மர் ஆம்பை விட இது பெரிய நிம்மதி. அடாப்டர் 3.42 ஆம்பியர், அதாவது 65 வாட், 6 ஓமுக்குப் போதும். 4 ஓம் ஸ்பீக்கர் வைத்திருப்பவர்கள் 90 வாட் அடாப்டராகப் பார்த்துக்கொள்ளுங்கள். டெசிபெல் 83 என்று எழுதிய பெட்டியாக இருந்தால் இதே சத்தத்துக்கு இரண்டு மடங்கு வாட் வேண்டும் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

போர்டை அம்மாவின் பழைய எவர்சில்வர் சம்படத்துக்குள் வைத்தேன். 230 வோல்ட் எல்லாம் அடாப்டரோடு வெளியிலேயே நின்றுவிடுவதால், உலோக டப்பா பயமில்லை. அடியில் பிளாஸ்டிக் தூண் வைத்துப் போர்டைத் தூக்கி, மூடியில் ஓட்டை போட்டு, உள்பக்கம் கொசுவலைத் துண்டு ஒட்டினேன். எறும்பும் பல்லியும் புகுந்து கெட்ட போர்டுகளை நிறையப் பார்த்தாயிற்று.

முதல் முறை ஆன் செய்தபோது சத்தமே வரவில்லை. விளக்கு எரிகிறது, ஸ்பீக்கரில் மூச்சில்லை. காரணம் பழைய ஒயர். பரணில் இருந்த பழைய ஆம்புக்காக யாரோ மூன்று கம்பி ஒயர் இழுத்து, இரண்டு ஸ்பீக்கரின் மைனஸையும் ஒன்றாக முறுக்கி வைத்திருந்தார்கள். பழைய ஆம்பில் மைனஸ் வெறும் கிரவுண்ட் என்பதால் அது பிழையில்லை. புது போர்டில் மைனஸிலும் மின்சாரம் ஆடுகிறது. இரண்டு சேனலின் மைனஸை இணைப்பது ஷார்ட் செய்வதற்குச் சமம். ஐசிக்குள் பாதுகாப்பு இருந்ததால் தன்னை அணைத்துக்கொண்டு பிழைத்தது. வீட்டு ஒயரிங்குக்கு வாங்கும் 1.5 சதுர மில்லிமீட்டர் தாமிர ஒயரை ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனித்தனி ஜோடியாக இழுத்தேன். ஆறு மீட்டர் போய் வர 0.15 ஓம்கூட வராது. இதை விட விலை கூடிய ஸ்பீக்கர் கேபிளுக்கு இந்தத் தூரத்தில் எந்த அவசியமும் இல்லை.

சத்தம் வந்தது. கூடவே ஒரு ஸ்ஸ்ஸ் இரைச்சல். பகலில் தெரியாது, இரவு ஊர் அடங்கிய பிறகு, பாட்டு இல்லாதபோது, நாற்காலி வரை கேட்டது. போர்டின் கெயின் (உள்ளே வரும் ஒலி அலையைப் பெருக்கும் அளவு) 32 டெசிபெல்லில் இருந்தது, அதாவது 40 மடங்கு. எங்களுக்கு வேண்டியது 8.4 வோல்ட், ஃபோனில் செருகும் டாங்கிள் ஒரு வோல்ட் போலக் கொடுக்கிறது. இருபது மடங்கே தாராளம். இந்த ஐசியில் கெயினை 20, 26, 32, 36 என்று நான்கு படியில் வைக்கலாம், அதைத் தீர்மானிப்பது இரண்டு ரெசிஸ்டர்கள். 39 கிலோ ஓம் இருந்த இடத்தில் 20 கிலோ ஓம் போட்டால் 26-க்கு இறங்கும். எள் அளவு ரெசிஸ்டர் அது. என் கை நடுங்கும் என்று அண்ணனிடமே கொண்டுபோனேன். லென்ஸைக் கண்ணில் மாட்டி, இரண்டு பக்கமும் ஈயத்தை ஒரே சமயம் இளக்கி, ட்வீஸரால் அதை நெல்லில் கல் பொறுக்குவது போல எடுத்துப்போட்டார். இரண்டு நிமிட வேலை. 30 ரூபாய் மட்டும் வாங்கிக்கொண்டார். இரைச்சல் இப்போது பெட்டியில் காதை வைத்தால்தான் உண்டு.

ஃபோன் சார்ஜில் இருக்கும்போது மட்டும் ஒரு ஙொய் சத்தம் வந்தது. சார்ஜரைக் கழற்றிவிட்டுக் கேட்கிறோம்.

அடுத்து இடம். ஸ்பீக்கரை முதலில் சுவர் மாடத்துக்குள் வைத்திருந்தேன், பார்க்க அழகாக இருந்தது. ஆனால் பெட்டியின் காற்றுத் துளை பின்பக்கம். மாடத்துக்குள் அது அடைபட்டு, தவிலின் தாழ்ந்த பக்கமான தொப்பி ஒவ்வொரு அடிக்கும் பானைக்குள் அடித்தது போல வீங்கியது. இரண்டு மர ஸ்டூல்களில் ஏற்றி, சுவரிலிருந்து இரண்டடி முன்னால் இழுத்தேன். வீக்கம் போய், தொப்பியும் மறுபக்கமான வலந்தலையும் தனித்தனியாகப் பிரிந்தன. அப்போதும் நாதஸ்வரம் நடுவில் நிற்காமல் கூடம் முழுக்கக் கலைந்தே கேட்டது. ஒரு பென் டார்ச் செல்லை எடுத்து ஸ்பீக்கர் முனைகளில் கண நேரம் தொட்டுப் பார்த்தேன். சிவப்பு முனையில் செல்லின் பிளஸ் பட்டால் கோன் வெளியே துள்ள வேண்டும். ஒன்று வெளியே வந்தது, மற்றது உள்ளே போனது. பழைய உரிமையாளர் எப்போதோ உள்ளே ஒயரை மாற்றிக் கோத்திருக்கிறார். அந்தப் பெட்டிக்கு மட்டும் பிளஸ், மைனஸை மாற்றிக் கொடுத்ததும் நாதஸ்வரம் இரண்டு ஸ்டூல்களுக்கும் நடுவில் வந்து நின்றது.

புரட்டாசியில் குறுவை அறுத்து, மூட்டைகளைக் கூடத்து மூலையில் பத்து நாள் அடுக்கியிருந்தோம். அந்தப் பத்து நாளும் கீழ் ஸ்தாயி இன்னும் இறுக்கமாகக் கேட்டதாக எனக்குத் தோன்றியது. அப்பாவும் அதையே சொன்னார். மூட்டைகள் போன பிறகு அந்த மூலையில் ஒரு பழைய பஞ்சு மெத்தையைச் சுருட்டி நிறுத்திவைத்திருக்கிறேன்.

ஸ்பீக்கர் 6,000, போர்டு 750, அடாப்டர் 450, ஒயரும் டெர்மினலும் டாங்கிளும் 900, அண்ணனுக்கு 30. கூட்டினால் 8,130. சால்டரிங் வேண்டாம் என்பவர்களுக்கு இதே ஐசி போட்டுப் பெட்டியோடு வரும் சின்ன ஆம்புகள் கிடைக்கின்றன. வாங்கும்போது வாட்டைப் பார்க்காமல், கூட வரும் அடாப்டர் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். சிலதில் 12 வோல்ட் அடாப்டரைக் கொடுத்துவிட்டு நூறு வாட் என்று எழுதியிருப்பார்கள்.

மாலைச் சோதனையை அப்பாவை வைத்தே செய்தேன். ஏழு மணி, சுவரில் 181 வோல்ட், விசிறி மெல்லச் சுற்றுகிறது, அடாப்டர் முனையில் 19.1. நாதஸ்வர மேதை டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகத்தைப் போட்டேன். பழைய இசைத்தட்டுப் பதிவு. இரைச்சல் உண்டு, மேல் அதிர்வெண்கள் அதிகம் இல்லை. இருந்தும் அந்த நீண்ட கார்வை கூடத்தைத் தாண்டி முற்றம் வரை போய் நின்றது. அடுத்து ஒரு புதுப் பதிவு, தவில் தனி ஆவர்த்தனத்தோடு. வால்யூமை அந்த 2.1 வோல்ட் இடத்தில் வைத்தேன். எங்கேயும் உடையவில்லை.

அப்பா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் முன், வாசிப்பவர் சீவாளியை வாயில் வைத்து ஊதிப் பார்க்கும் சின்னக் கீச்சொலி அந்தப் பதிவில் இருக்கிறது. ப்ளூடூத் டப்பாவில் அதை நாங்கள் கேட்டதே இல்லை. "ஈரம் பண்றான் பாரு சீவாளிய" என்று கண்ணைத் திறக்காமலே சொன்னார்.

யாராவது கூப்பிட்டால் பாட்டு நின்றுவிடுகிறது என்பதுதான் இப்போது அவருடைய ஒரே குறை. சிம் இல்லாத பழைய ஃபோன் ஒன்றைத் துடைத்து, பாட்டுகளை அதில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன்.